கைப்பேசிக் கட்டுப்பாட்டில் துணையும் அந்தரங்கமும்

1738ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 25ஆம் தேதியன்று, பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கம் என்று பெயர் பெறப்போகும் சமய எழுச்சியின் தலைவரான ஜான் வெஸ்லி, வாரந்தோறும் கூடித் தத்தம் குறைகளை ஒருவரிடம் ஒருவர் மனம்விட்டுச் சொல்லிக்கொள்ளும் சிறு குழுக்களுக்கென்று சில விதிகளை எழுதிவைத்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வோர் அங்கத்தினரையும் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. சென்ற கூட்டத்துக்குப் பின் அறிந்து செய்த பாவம் என்ன, எதிர்ப்பட்ட சபலம் எது, அதிலிருந்து மீண்டது எவ்வாறு, பாவமோ அன்றோ என்று ஐயத்துக்கு இடமான நினைவும் சொல்லும் செயலும் யாவை என்பன முதல் நான்கு. மறைத்துவைக்க விரும்புவது ஏதேனும் உண்டா என்பது ஐந்தாவது. முதல் நான்கும் ஒருவருடைய நடத்தையைப் பற்றியவை. ஐந்தாவது அவருடைய அந்தரங்கம் முழுவதையும் தொடுவது. இவ்விரண்டுக்கும் இடையே கோடு எங்கே விழவேண்டும் என்பது, வெஸ்லியின் காலத்தினும் நம் காலத்தில், கைப்பேசியின் காரணமாக, மிக அவசரமான கேள்வியாகியிருக்கிறது.

கைப்பேசியின் உபயோகத்தைக் குறைத்துக்கொள்ள விரும்புகிறவர்களில் பலர் இன்று தம் மன உறுதியை மட்டும் நம்பியிராமல், நம்பிக்கைக்குரிய ஒருவரைத் தம் தீர்மானத்துக்குச் சாட்சியாகவும் காவலாகவும் அமைத்துக்கொள்ளுகிறார்கள். அமெரிக்காவில் அக்கவுண்டபிலிட்டி பார்ட்னர் என்று வழங்கும் அவரைப் பொறுப்புத் துணை என்று இங்கே குறிப்பிடலாம். இரவு பத்து மணிக்கு மேல் ரீல்ஸ் பார்ப்பதில்லை என்றோ, நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் யூடியூபைத் திறப்பதில்லை என்றோ ஒருவர் சங்கற்பம் செய்துகொள்ளுகிறார். அதை நிறைவேற்றினாரா என்பதை வாரந்தோறும் துணையிடம் சொல்லுகிறார். சிலர் ஒரு படி மேலே சென்று, நேர வரம்பைத் தளர்த்துவதற்கான இரகசிய எண்ணையே துணையிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். குடியையும் உடற்பருமனையும் அடக்குவதற்கு நெடுங்காலமாகக் கையாளப்பட்டுவரும் முறைதான் இது. ஆனால் குடிப்பவர் தம் புட்டியைத் துணையிடம் காட்டினால் குடியைத் தவிர வேறொன்றும் வெளியாவதில்லை. கைப்பேசியைக் காட்டினாலோ வங்கிக் கணக்கும், இரத்தப் பரிசோதனை முடிவும், தாயுடன் நேர்ந்த பிணக்கும், சிநேகிதர் நள்ளிரவில் எழுதியனுப்பிய துயரமும் ஒருங்கே வெளியாகிவிடுகின்றன. ஆகவே துணைக்கு நம்மைத் தடுக்கும் அதிகாரத்தைக் கொடுக்கலாமேயன்றி நம்மை முழுதும் அறியும் அதிகாரத்தைக் கொடுக்க வேண்டுவதில்லை என்பதும், இவ்விரண்டையும் பிரித்துவைப்பது கைகூடக்கூடியதே என்பதும் என் கருத்து.

இருபதாம் நூற்றாண்டில் இம்முறைக்கு உலகப் பிரசித்தி தேடித் தந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் சங்கம். 1935 மே மாதத்தில், ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், தொழில் முயற்சி ஒன்று முறிந்துபோன மனச்சோர்வோடு ஹோட்டலின் முன்கூடத்தில் நின்ற பில் வில்ஸன் என்பவர், அருகிலிருந்த மதுக்கூடத்துக்குள் நுழையாமல் தொலைபேசியை நாடினார்; தம்மைப்போலவே குடியோடு போராடும் வேறொருவரைச் சந்திக்க வேண்டும் என்று அவ்வூர்ப் பாதிரியாரிடம் வேண்டிக்கொண்டார்; அதன் பயனாக டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளென்று கொள்ளப்படும் ஜூன் 10, சங்கத்தின் பிறந்த நாளாகிவிட்டது. நம் நோக்கத்துக்கு இச்சங்கத்தில் கவனிக்கத்தக்கது, அது வாக்குமூலத்தின் எல்லையை வகுத்த விதம். அதன் பன்னிரண்டு படிகளுள் ஐந்தாவது, தன் தவறுகளைக் கடவுளிடமும் தன்னிடமும் வேறொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்ளச் சொல்லுகிறதேயன்றி ஊரறியச் சொல்லும்படி கேட்பதில்லை; 1950இல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்கப்பட்ட பன்னிரண்டு மரபுகளும், அங்கத்தினரின் பெயரை வெளியிடாமையைத் தம் அனைத்துக்கும் ஆன்மிக அஸ்திவாரம் என்று முடிக்கின்றன. வெஸ்லியின் ஐந்தாவது கேள்விக்கு இரு நூற்றாண்டுகளுக்குப் பின் கிடைத்த திருத்தம் என்றே இதைக் கருதலாம்.

தன்னைக் கட்டுப்படுத்தப் பிறருடைய துணை எதற்கு என்று கேட்பவர் உண்டு. 2005இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஷெல்லிங், 1978இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இதற்குத் தெளிவான விடை தருகிறார். இரவில் படுக்கப் போகிறவர் காலையில் எழுந்தே தீரவேண்டும் என்று எண்ணி, எழுந்து நடந்தாலன்றி நிறுத்த முடியாதபடி அலாரக் கடிகாரத்தை அறையின் மறு கோடியில் வைக்கிறார். காலையில் தூக்கக் கலக்கத்தில் இருப்பவரோ அதைக் கையெட்டும் இடத்தில் வைத்திருக்கலாகாதா என்று ஏங்குகிறார். ஒரே உடலில் வெவ்வேறு வேளைகளில் வெவ்வேறு விருப்பங்கள் ஆட்சி செலுத்துகின்றன, தீர்மானம் செய்கிறவரும் அதை மீறுகிறவரும் ஒருவரே என்பதனால், இருவருக்கும் பொதுவான நடுவர் உள்ளே கிடைப்பதில்லை, வெளியிலிருந்துதான் வரவேண்டியிருக்கிறது.

ஆனால் அந்த வெளியாளுக்கு எதைப் பிணையாகக் கொடுப்பது? ஷெல்லிங்கே எடுத்துக்காட்டும் உதாரணம் ஒன்று என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. டென்வர் நகரத்து மருத்துவ நிலையம் ஒன்றில், கொகெய்ன் பழக்கத்துக்கு அடிமையானவர்கள் தம்மைத் தாமே குற்றவாளியாக்கும் கடிதம் ஒன்றை எழுதி ஒப்படைக்க ஏற்பாடு இருந்தது. பின்னர் நடக்கும் பரிசோதனையில் போதைப்பொருள் தென்பட்டால் அக்கடிதம் உரியவருக்கு அனுப்பப்பட்டுவிடும். மருத்துவராயிருப்பவர் தம் தொழில் உரிமத்தை வழங்கிய ஆணையத்துக்கே எழுதிக் கொடுப்பார். உயிரைக் குடிக்கும் போதைக்கு இத்தகைய கடும் மருந்து பொருந்தலாம். இரவில் ஒரு மணி நேரம் வீணாகக் காணொளி பார்க்கும் பழக்கத்துக்குத் தன் மானத்தையே ஈடுவைப்பது தகுமா? தகாது என்பதே என் தீர்ப்பு. நோயின் அளவுக்கு மிஞ்சிய மருந்து அது.

நோயின் அளவை ஓரளவு அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஹன்ட் ஆல்காட், மாத்யூ ஜென்ட்ஸ்கோ, லீனா சாங் என்ற மூவர், அமெரிக்காவில் ஏறத்தாழ 2,000 ஸ்மார்ட்போன் உபயோகிப்பாளர்களை வைத்து நடத்திய பரிசோதனையின் முடிவை 2022இல் வெளியிட்டார்கள். சமூக ஊடகங்களில் செலவாகும் நேரத்தில் 31 சதவீதம், செலவிடுகிறவரே நிதானமாக எண்ணிப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லக்கூடிய, தன்னடக்கக் குறைவினால் விளையும் நேரம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். தமக்குத் தாமே நாள் வரம்பு விதித்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்தபோது, வேறு எந்தச் சன்மானமும் இல்லாமலே, நாளொன்றுக்குச் சராசரி 22 நிமிஷங்கள் குறைந்தன. 22 நிமிஷம் அற்பம் அன்று. ஆயினும் குறையாமல் நின்ற நேரம் அதைவிட மிக அதிகம்.

அதற்குக் காரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2018இல் ஆப்பிள் நிறுவனம் ஸ்கிரீன் டைம் என்னும் வசதியையும், கூகிள் நிறுவனம் டிஜிட்டல் வெல்பீயிங் என்னும் வசதியையும் தத்தம் கைப்பேசி இயக்க முறைகளில் சேர்த்தன. ஐபோனில் வரம்பு முடிந்தவுடன் மணற்கடிகை வரைந்த திரை ஒன்று வந்து நிற்கிறது. அதன் அடியிலேயே, இன்னும் ஒரு நிமிஷம், பதினைந்து நிமிஷம் கழித்து நினைவூட்டு, இன்று முழுவதும் வரம்பைப் புறக்கணி என்ற தேர்வுகளும் திறந்துகொள்ளுகின்றன. ஆண்ட்ராய்டில் வைத்த நேர வரம்பை, வைத்தவரே அமைப்புகளுக்குள் சென்று சில நொடிகளில் நீக்கிவிடலாம். பகலில் தீர்மானம் செய்தவரின் விரலுக்கும் இரவில் அதை மீறுகிறவரின் விரலுக்கும் கருவி வேற்றுமை காண்பதில்லை.

இந்த இடத்தில்தான் துணை தேவைப்படுகிறார். துணையினால் பலன் உண்டா என்பதற்கு நம் அண்டை மாநிலத்திலேயே சிறந்த ஆராய்ச்சி ஒன்று நடந்திருக்கிறது. கர்நாடகத்தில் 60 கிராமங்களில் எமிலி ப்ரீஸா, அருண் சந்திரசேகர் ஆகிய இருவரும் நடத்தி 2019இல் வெளியிட்ட அந்த ஆய்வு, கைப்பேசியைப் பற்றியதன்று, சேமிப்பைப் பற்றியது. ஆறு மாதத்தில் இவ்வளவு சேமிப்பேன் என்று குறி வைத்துக்கொண்ட கிராமவாசிகளில் சிலருக்கு, அதே ஊரைச் சேர்ந்த ஒருவர் கண்காணிப்பாளராக அமர்த்தப்பட்டார். சேமிப்பவரின் கணக்கு எப்படி வளருகிறது என்ற செய்தி அவருக்கு அவ்வப்போது தெரிவிக்கப்பட்டதேயன்றி, அவருக்கு வேறு அதிகாரம் எதுவும் கிடையாது. அவர் திட்டவும் வேண்டியதில்லை, பரிசளிக்கவும் வேண்டியதில்லை. அப்படியிருந்தும், தற்செயலாகத் தேர்ந்து கண்காணிப்பாளரை அமர்த்திய கிராமங்களில், கண்காணிப்பாளர் உள்ளவர்களின் மொத்தச் சேமிப்பு 36 சதவீதம் உயர்ந்தது.

இந்த முடிவைக் கேட்டு மகிழ்வதற்கு முன் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஊரில் பலருடன் தொடர்புள்ளவர், எல்லாருடைய வீட்டுத் திண்ணையிலும் உட்காரும் உரிமை பெற்றவர் கண்காணிப்பாளராக அமைந்தபோதே பலன் அதிகமாயிருந்தது. நம் வாக்குத் தவறினால் அது இவர் வாயிலாகப் பத்துப் பேர் காதுக்கு எட்டும், நம் மதிப்புக் குறையும் என்ற அச்சமே சேமிக்க வைத்தது என்பது ஆராய்ச்சியாளர்கள் காணும் காரணம். அதாவது, செய்தி கசியக்கூடும் என்பதுதான் இங்கே மருந்தின் வீரியம். சேமிப்புக் கணக்கின் தொகை ஊருக்குத் தெரிவதைச் சகித்துக்கொள்ளலாம். கைப்பேசியின் உள்ளடக்கத்தை இப்படிக் கசியவிடக்கூடிய ஒருவரிடம் ஒப்படைக்க முடியுமா? பலனும் அந்தரங்கமும் ஒன்றையொன்று தின்னுமானால், இரண்டில் ஒன்றைத் தேர்வதைத் தவிர வேறு வழியில்லை என்று தோன்றும்.

நல்லவேளையாக வழி உண்டு என்பதைச் சிலி நாட்டில் நடந்த மற்றொரு சேமிப்பு ஆராய்ச்சி காட்டுகிறது. பெலிப்பே காஸ்ட், ஸ்டீபன் மையர், டினா பொமரான்ஸ் ஆகியோர் அங்கே முதலில், குழுவின் முன் குறியை அறிவித்து, குழுவின் மேற்பார்வையில் சேமிக்கும் ஏற்பாட்டைச் சோதித்து நல்ல பலன் கண்டார்கள். ஓராண்டுக்குப் பின், கூட்டத்தையும் சகாக்களின் நெருக்குதலையும் அறவே நீக்கி, குறியை எட்டினாரா என்பதைக் குறுஞ்செய்தியாக மட்டும் தெரிவித்துவந்தபோதும் ஏறத்தாழ அதே பலனைக் கண்டார்கள். குறித்த காலத்தில் குறித்த கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும் என்ற ஒழுங்கே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகிறது. அதற்குப் பலர் பார்க்கும் மேடை வேண்டியதில்லை. 2016இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, 138 பரிசோதனைகளையும் அவற்றில் பங்கு கொண்ட 19,951 பேரையும் ஒருங்கே வைத்துப் பார்த்து, முன்னேற்றத்தை இடைவிடாது அளந்துவருவது குறியை எட்ட உதவுகிறது என்றும், அளந்ததை எழுதிவைப்பதும் பிறரிடம் தெரிவிப்பதும் அந்த உதவியை மிகுவிக்கின்றன என்றும் கண்டது.

தெரிவிக்க வேண்டியது எதை என்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. பீட்டர் கோல்விட்ஸரும் அவருடைய கூட்டாளிகளும் 2009இல் வெளியிட்ட சோதனைகளில், தாம் இன்னாராக ஆகப்போகிறோம் என்ற நோக்கத்தைப் பிறர் அறிந்துகொண்ட மாணவர்கள், பிறர் அறியாமல் வைத்திருந்தவர்களைவிடக் குறைவாகவே உழைத்தார்கள். பிறர் அங்கீகரித்த மாத்திரத்தில் பாதி ஆகிவிட்ட திருப்தி வந்துவிடுகிறது போலும். ஆகையால், இன்று முதல் நான் கைப்பேசியைத் துறந்தேன் என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பிரகடனம் செய்வதில் பயன் ஏதும் இல்லை. சென்ற வாரம் எத்தனை நாள் வரம்புக்குள் இருந்தேன் என்று ஒருவரிடம் கணக்குச் சொல்லுவதிலேயே பயன் இருக்கிறது.

இந்த வேற்றுமையை உணராமல் கட்டப்பட்ட கருவிகளும் உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கவனன்ட் ஐஸ் என்ற நிறுவனத்தின் மென்பொருள், ஆபாசப் படங்களைப் பார்க்கும் பழக்கத்தை விட விரும்புகிறவரின் திரையை அடிக்கடி படமெடுத்து ஆராய்ந்து, அவர் குறித்துக் கொடுத்த துணைக்கு அறிக்கை அனுப்புகிறது. இத்தகைய செயலிகளைப் பற்றி 2022இல் வயர்ட் பத்திரிகை விரிவாக விசாரித்து எழுதியபோது, பார்வைக் குறைவு முதலிய ஊனமுள்ளவர்களுக்கு உதவுவதற்கென்று ஆண்ட்ராய்டில் வைக்கப்பட்ட அனுமதியைக் கொண்டே அவை திரை முழுவதையும் கண்காணித்தன என்பது வெளிப்பட்டது. தன் விதிகளுக்கு விரோதமென்று கூகிள் அவற்றுள் இரண்டைத் தன் கடையிலிருந்து அப்போது நீக்கியது. தாமே விரும்பி இதை ஏற்றுக்கொள்ளுகிற வயதுவந்தவரைத் தடுக்க நாம் யார் என்று சிலர் கேட்கலாம். அவர் சம்மதித்தார், சரி. அவருக்குக் கடிதம் எழுதியவர் சம்மதித்தாரா? கைப்பேசியின் திரையில் தோன்றுவதில் பெரும்பகுதி பிறர் நம்மை நம்பி அனுப்பியது. அதை மூன்றாமவருக்குத் திறந்து காட்டும் உரிமை நமக்கு இல்லை. துணையை ஏற்படுத்திக்கொள்ளுகிறவர்கள் தம் அந்தரங்கத்தைப் பற்றி மட்டும் யோசிக்கிறார்கள். தம்மிடம் அடைக்கலமாயிருக்கும் பிறர் அந்தரங்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் இதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தாமே உபயோகிக்கும் கைப்பேசி உடைய பெண்கள் இந்நாட்டில் 54 சதவீதமே. கைப்பேசி கையில் இருந்தாலும், யாருடன் பேசினாய் என்று கணவரோ தமையனோ மாமியாரோ வாங்கிப் பார்க்கும் வீடுகள் எத்தனையோ உள்ளன என்பது நாம் எல்லாரும் அறிந்தது. அத்தகைய வீட்டில் பொறுப்புத் துணை என்ற பேர் நுழைந்தால், பழைய அதிகாரத்துக்குப் புதிய கௌரவம் கிடைத்ததாகும். கேள்வி கேட்கிறவரிடம் பதிலுக்குக் கேள்வி கேட்க முடியாதபோது அது வேவு பார்ப்பதேயாகும். அதில் துணைமை இல்லை. ஆகையினால் வயதிலும் வருவாயிலும் குடும்ப ஸ்தானத்திலும் நம்மீது அதிகாரம் இல்லாத ஒருவரையே, கூடியவரை வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவரையே, துணையாகக் கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். இன்னாரோடு சேருவது என்று ஆராயாமல் சேரலாகாது என்பதற்காகத் திருவள்ளுவர் நட்பாராய்தல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அந்த ஆராய்ச்சி இங்கே இரட்டிப்பாக வேண்டும்.

சட்டம் காப்பாற்றுமே என்று வாளாவிருக்கவும் இடமில்லை. 2017 ஆகஸ்டு 24ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் பின் வந்த 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிமனிதர் ஒருவர் தம் சொந்தக் காரியத்துக்காகவோ வீட்டுக் காரியத்துக்காகவோ கையாளும் தரவுக்குப் பொருந்தாது. இரு நண்பர்களுக்கிடையே உள்ள ஏற்பாட்டுக்குள் அந்தச் சட்டம் வாராது. அவர்கள் தமக்குள் செய்துகொள்ளும் நிபந்தனைகளே அவர்களுக்குச் சட்டம்.

அந்த நிபந்தனைகள் எப்படி அமையலாம் என்பதை ஐபோனை வைத்துச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அதில் இரண்டு இரகசிய எண்கள் உண்டு. கைப்பேசியைத் திறப்பதற்குரியது ஒன்று. ஸ்கிரீன் டைம் வரம்புகளை மாற்றுவதற்குரிய நான்கு இலக்க எண் மற்றொன்று. பின்னதை அறிந்தவர் முன்னதை அறிந்தவராகிவிடமாட்டார். ஆகவே செய்யவேண்டியது இது: எந்தெந்தச் செயலிகளுக்கு எவ்வளவு நேரம் என்பதை உபயோகிப்பவரே தனியாக அமர்ந்து குறித்துவிட வேண்டும், பின்பு நான்கு இலக்க எண்ணை அமைக்கும் பக்கத்தை மட்டும் திறந்து கைப்பேசியைத் துணையின் கையில் கொடுக்க வேண்டும். துணை எண்ணை இருமுறை இடுவார். அடுத்து, எண் மறந்துபோனால் மீட்பதற்காக ஆப்பிள் கணக்கின் விவரத்தைக் கேட்கும் பக்கம் வரும். அந்த இடத்தில் உபயோகிப்பவரின் கணக்கைக் கொடுத்துவிட்டால், எந்த நள்ளிரவிலும் அவரே எண்ணை மாற்றிக்கொள்ளலாம். பூட்டிய கதவின் திறவுகோலை நிலைப்படியின் மேலேயே வைத்துவிட்டுப் போனதற்கு ஒப்பாகும் அது. துணை தம் கணக்கையே அங்கே இட வேண்டும். எண் அமைந்தபின், துணை அதை ஒருமுறை இட்டுத் திறந்து கொடுக்க, வரம்பு முடிந்ததும் தடைசெய்யும் தேர்வை உபயோகிப்பவரே இட்டுவிட வேண்டும். தொலைபேசி அழைப்பு, குறுஞ்செய்தி, வங்கி, வரைபடம் முதலியவற்றை எப்போதும் அனுமதிக்கப்பட்டவை என்ற பட்டியலில் முன்னரே சேர்த்துவிட்டால் அவசரத்துக்கு இடையூறு நேராது. இவ்வளவிலும் துணை அறிந்துகொண்டது நான்கு இலக்கங்களை மட்டுமே.

ஆண்ட்ராய்டில் இப்படிப் பூட்டும் எண் டிஜிட்டல் வெல்பீயிங்கின் நேர வரம்புக்கு இல்லை. அங்கே வாராந்தரக் கணக்கையே நம்பியிருக்க வேண்டும். அக்கணக்கைச் சொல்லும் முறையில்தான் பலர் தம்மை அறியாமல் அந்தரங்கத்தை இழக்கிறார்கள். திரைநேரப் பக்கத்தை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது எளிதாகத் தோன்றும். அந்தப் படத்தில் நிமிஷங்களோடு செயலிகளின் பெயர்களும் வரிசையாக நிற்கும்: கடன் கொடுக்கும் செயலி ஒன்று, வரன் தேடும் செயலி ஒன்று, மனநல ஆலோசனைச் செயலி ஒன்று, மாதவிடாய் நாள் குறிக்கும் செயலி ஒன்று. ஒருவருடைய கடன், கல்யாணம், கவலை, உடல்நிலை ஆகிய நான்கும் அந்தப் பெயர்களிலிருந்தே துலங்கிவிடும். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். ஏழு நாளில் ஐந்து நாள் வரம்புக்குள் இருந்தேன், இரண்டு நாள் மீறினேன் என்று வாயால் சொன்னால் போதும். பொய் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். துணையிடம் பொய் சொல்லத் துணிந்தவருக்கு எந்த மென்பொருளும் உதவாது. அவர் இரண்டாவது கைப்பேசியை வாங்கிவிடுவார்.

எண்ணிக்கையை உள்ளடக்கத்திலிருந்து பிரிப்பது பொறியியலுக்கும் உடன்பாடானதே. 2021இல் ஆப்பிள் தன் ஸ்கிரீன் டைம் வசதியைப் பிற செயலி எழுதுவோரும் உபயோகிக்கத் திறந்துவிட்டபோது, உபயோகிப்பவர் தேர்ந்த செயலியின் பெயர் அவர்களுக்குத் தெரியாதபடி, பொருள் விளங்காத அடையாளக் குறி ஒன்றை மட்டும் அளிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. எதைத் தடுக்கிறோம் என்று அறியாமலே தடுக்கும் செயலியை அதைக்கொண்டு எழுத முடிகிறது. நம் துணையும் அப்படியே இருக்கலாம்.

நிபந்தனைகளுள் மிக முக்கியமானவை விடுதலையைப் பற்றியவை. எண்ணை எப்போது கேட்டாலும் உடனே கொடுப்பதென்றால் ஏற்பாடு வீண். எப்போது கேட்டாலும் மறுப்பதென்றால் அது சிறை. இரவில் கேட்டால் மறுநாள் காலையில் கொடுப்பது என்ற ஒரே நிபந்தனை இரண்டு தீங்கையும் தவிர்க்கிறது. சபலப்படும் இரவு மனிதரின் வேண்டுகோளைக் காலை மனிதரின் தீர்ப்புக்கு அது அனுப்பிவிடுகிறது. மூன்று மாதமென்றோ ஆறு மாதமென்றோ முடிவுநாளும் குறித்துவிட வேண்டும். பௌத்த சங்கத்தில், மழைக்காலத்து மூன்று மாத வாசம் முடியும்போது, ஒவ்வொரு பிக்குவும் மற்றவர்களை நோக்கி, என்னிடம் கண்டதும் கேட்டதும் ஐயுற்றதுமான குற்றத்தைச் சொல்லுங்கள் என்று வேண்டிக்கொள்ளும் பவாரணை என்னும் சடங்கு உண்டு. அங்கே குற்றம் சொல்லும் உரிமை, சொல்லப்படுகிறவரின் அழைப்பிலிருந்து பிறக்கிறது. அதற்கென்று ஒரு நாளும் இருக்கிறது. அழைப்பு, வரம்பு, பரஸ்பரம் ஆகிய மூன்றும் அச்சடங்கில் அமைந்திருப்பதைப்போல் வேறெங்கும் அவ்வளவு செம்மையாக அமைந்திருப்பதை நான் கண்டதில்லை.

எவர் கைப்பேசியையும் எவரும் பாராமலே ஓர் ஊர் முழுவதும் ஒருவருக்கொருவர் துணையாக நிற்க முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்து மோஹித்யாஞ்சே வட்காவ் என்னும் கிராமத்தில், 2022 ஆகஸ்டு முதல், மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஒலிக்கிறது. உடனே வீடுகளில் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிடுகிறார்கள். எட்டரை மணிக்கு இரண்டாவது சைரன் ஒலிக்கும்வரை பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டோ வாசித்துக்கொண்டோ இருக்கிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் பாடத்துக்காகக் கைப்பேசி பெற்ற பிள்ளைகள் பள்ளி திறந்த பின்னும் அதை விடாதது கண்டு ஊரார் செய்த முடிவு இது. தொடக்கத்தில் ஆசிரியர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் வீடு வீடாகச் சென்று எடுத்துச் சொன்னார்கள். என்ன பார்த்தாய் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. அணைந்திருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. நகரத்து அடுக்கு வீடுகளில் ஊர்ச் சைரன் எட்டாது. இரண்டு நண்பர்கள் ஒரே நேரத்தில் கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுவதென்று செய்துகொள்ளும் உடன்பாடு எட்டும்.

துணையாக இருக்கும்படி அழைக்கப்படுகிறவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நண்பர் ஒருவர் தம் கைப்பேசியை நீட்டி, எண்ணை அமைத்துத் தாருங்கள் என்று கேட்டால், எண்ணை அமைத்துவிட்டுத் திரையின் மற்றப் பகுதியைப் பாராமல் திருப்பிக் கொடுங்கள். வாரந்தோறும் குறித்த நாளில் தவறாமல் கேளுங்கள். எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். மீறிய நாட்களில் அவர் என்ன பார்த்தார் என்று அவராகச் சொல்ல முன்வந்தாலும், சொல்ல வேண்டியதில்லை என்று தெரிவியுங்கள். கேட்டதை உங்கள் வீட்டாரிடமும் பேச வேண்டாம். போதும் என்று அவர் சொன்னால், மறுநாள் காலையில், காரணம் கேளாமல் எண்ணைச் சொல்லிவிடுங்கள்.